அரியணையும் எழுத்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்துமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலங்கழித்து வரும் நம்மிடம் புலவர்களின் ஆராய்ச்சியை நீங்கள் எதிர்பார்க்கமாட்டீர்கள். ஆயினும், அலுவல் முடிந்த மாலை வேளைகளில் வரலாற்று நூல்களைப் படித்து வருவது நமது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு படித்தவற்றுள் உள்ளத்தை விட்டு நீங்காத செய்தியொன்றை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

இடைக்கால ஐரோப்பாவில் பேரரசுகள் சில கிறிஸ்தவ சமயத்தைத் தூணாகக் கொண்டு எழுந்தன, ஓங்கின, பின்னர் வீழ்ந்தன. அவை வீழ்ந்தபோது எவை அவற்றோடு மண்ணாயின, எவை பிழைத்தன, பிழைத்தவை எதனால் பிழைத்தன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இஃது எந்தச் சமயத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ எழுந்த பேச்சன்று. தமிழ்ச் சங்க மேடையில் இதைச் சொல்வானேன் என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை இறுதியில் வரும். அதுவரை பொறுத்தருள வேண்டுகின்றோம்.

முடியும் சிலுவையும்

கிறிஸ்தவ சமயம் முதல் மூன்று நூற்றாண்டுகளில் அரசின் துணையின்றியே பரவிற்று. உரோமப் பேரரசர் பலர் அதனை ஒடுக்கவும் செய்தனர். 313-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன், லிசினியஸ் என்னும் பேரரசர் இருவரும், கிறிஸ்தவர்கள் தம் வழிபாட்டைத் தடையின்றி நடத்திக்கொள்ளலாம் என்று இசைந்தனர். 325-இல் நைசியா நகரில் ஆயர்களின் பெருமன்றத்தைக் கூட்டியவரும் கான்ஸ்டன்டைனே. 330-இல் அவர் பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் புதிய தலைநகர் ஒன்றைத் திறந்துவைத்தார். அதுவே கான்ஸ்டான்டிநோபிள், இன்று இஸ்தான்புல் என வழங்குவது. 380-இல் தியோடோசியஸ் என்னும் பேரரசர், நைசியாவில் முடிவாகிய கொள்கையையே குடிகள் யாவரும் பின்பற்றுதல் வேண்டும் என ஆணையிட்டார். ஆக, 67 ஆண்டுகளில், அனுமதி பெற்ற சமயம் ஆணையிடும் சமயமாக மாறிற்று.

இதனால் இரு சாராருக்கும் ஆதாயம் உண்டாயிற்று. அரசன் ஆண்டவனின் பிரதிநிதி எனப் போற்றப்பட்டான். திருச்சபைக்கு நிலமும் செல்வமும் பாதுகாப்பும் கிடைத்தன. மருத்துவச் சாலைகளும் அநாதை இல்லங்களும் பெருகின. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. கொள்கையில் மாறுபடுவது அரசுக் குற்றமாயிற்று. அரசன் செய்யும் போர் ஆண்டவன் செய்யும் போர் எனப்பட்டது. அரசனுக்கு வரும் கேடும் சமயத்திற்கு வந்த கேடாகக் கருதப்பட்டது.

பைசாந்தியப் பேரரசின் பெருமை சிறிதன்று. 532-இல் நிகழ்ந்த கலகத்தில் தலைமைக் கோயில் எரிந்து போயிற்று. ஜஸ்டினியன் ஆறு ஆண்டு முடியுமுன்னரே ஹாகியா சோபியா என்னும் மாபெருங்கோயிலை அவ்விடத்தில் எழுப்பி, 537-இல் திறந்துவைத்தார். அப்பேரரசின் பொற்காசு, ஓர் உரோம இராத்தல் பொன்னுக்கு 72 காசு என்னும் கணக்கில் அடிக்கப்பட்டது. ஏறத்தாழ 700 ஆண்டுகள் அதன் மாற்றுக் குறையவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அக்கோயிலைக் காட்டிலும் இக்காசே பெருவியப்பைத் தருகின்றது!

எழுதத் தெரியாத பேரரசர்

மேற்கே நிகழ்ந்ததையும் பார்ப்போம். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், உரோமாபுரியின் புனித பேதுரு கோயிலில், பிராங்கியரின் மன்னர் சார்லமேனுக்குப் போப் மூன்றாம் லியோ பேரரசர் முடி சூட்டினார். முடியைச் சூட்டியவர் பெரியவரா, சூடிக்கொண்டவர் பெரியவரா என்னும் வழக்கு அன்றே விதைக்கப்பட்டது. பின்னாளில், 1077-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்ரி போப்பின் மன்னிப்பை வேண்டிக் கனோசாக் கோட்டை வாயிலில் மூன்று நாள் காத்து நிற்க நேர்ந்தது அவ்வழக்கின் விளைவேயாகும்.

சார்லமேனுக்கு எழுத்து நன்கு வரவில்லை. முதுமையிலும் எழுதிப் பழகுவதற்காகத் தலையணையின் கீழே பலகைகளை வைத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிக்கின்றார். அத்தகையவர் கல்வியின் அருமையை அறிந்து, இங்கிலாந்திலிருந்து அல்குயின் என்னும் அறிஞரை வருவித்துப் பள்ளிகளை வளர்த்தார். அவர் காலத்து மடங்களில் தெளிவும் ஒழுங்கும் உடைய ஒரு சிற்றெழுத்து முறை பரவிற்று. 813-இல் தூர் நகரில் கூடிய ஆயர் மன்றம், மறையுரைகளை இலத்தீனோடு நிறுத்தாமல், மக்கள் பேசும் மொழியில் பெயர்த்துக் கூறுமாறு விதித்தது.

சார்லமேன் 814-இல் மறைந்தார். 843-இல், வெர்டன் உடன்படிக்கையால், அவருடைய பேரர் மூவர் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். முடி சூடிய நாள் தொட்டு எண்ணினாலும் அரை நூற்றாண்டு கூட அது ஒன்றாக நிற்கவில்லை. ஆனால் அந்த எழுத்து என்னவாயிற்று? ஆறு நூற்றாண்டு கழித்து இத்தாலிய அறிஞர்கள் அதனைப் போற்றி மீண்டும் எழுதினர். அச்சுக் கலை அதனை ஏற்றது. இன்று நம் குழந்தைகள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படிக்கும் சிறிய எழுத்துகள் அதன் வழி வந்தவையே. பேரரசு போயிற்று, எழுத்து நம் வீட்டு மேசை வரை வந்து சேர்ந்துவிட்டது.

கடனில் மூழ்கிய சிலுவைப் போர்

கிழக்குப் பேரரசைப் பகைவர் வீழ்த்தினர் என்றே பலரும் எண்ணுகின்றனர். 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றியது உண்மை. ஆனால் அந்நகரின் முதுகெலும்பை அதற்கு 249 ஆண்டுகளுக்கு முன்னரே முறித்தவர்கள் கிறிஸ்தவர்களே ஆவர்.

அக்கதை ஒரு கணக்குப் புத்தகத்தில் தொடங்குகின்றது. நான்காம் சிலுவைப் போருக்காக 33,500 வீரர்களைக் கடல் கடத்திவிட 85,000 வெள்ளி மார்க் தருவதாக வெனிஸ் நகரத்தாரோடு ஒப்பந்தமாயிற்று. வெனிஸ் மரக்கலங்களைக் கட்டி முடித்தது. 1202-இல் வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. இருந்ததையெல்லாம் திரட்டியும் 34,000 மார்க் குறைந்தது. அக்கடனைத் தள்ளிப்போடும் பொருட்டு, வெனிஸ் காட்டிய ஜாரா என்னும் நகரை அவர்கள் தாக்கினர். அதுவும் கிறிஸ்தவ நகரே. போப் மூன்றாம் இன்னசென்ட் அவர்களைச் சபையினின்றும் விலக்கினார். அதன்பின் பைசாந்திய இளவரசன் ஒருவன், தன் தந்தையின் அரியணையை மீட்டுத் தந்தால் இரண்டு இலட்சம் மார்க் தருவதாக ஆசை காட்டினான். அவன் சொன்னபடி கொடுக்க இயலவில்லை. 1204 ஏப்ரலில் சிலுவை தரித்த வீரர்கள் சிலுவை தாங்கிய நகருக்குள் புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தனர். ஹாகியா சோபியாவின் வெள்ளியும் பொன்னும் பெயர்த்தெடுக்கப்பட்டன. நகரத்தின் வெண்கலக் குதிரைகள் நான்கு வெனிசுக்குச் சென்றன. அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன.

1054-இல் கீழைச் சபைக்கும் மேலைச் சபைக்கும் உண்டான பிளவு அதுகாறும் பெரும்பாலும் குருமார்களின் வழக்காகவே இருந்தது. 1204-க்குப் பின் அது மக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. 1261-இல் கிரேக்கர் நகரை மீட்டனர். பழைய வலிமையை மீட்கவில்லை. உள்நாட்டுப் போர்கள் மூண்டன. 1347-இல் கொள்ளைநோய் வந்தது. வாணிபம் வெனிஸ், ஜெனோவா நகரத்தாரின் கையில் சிக்கியது. மேலை நாடுகளின் படைத்துணையை வேண்டி, 1439-இல் புளோரன்ஸ் நகரில் இரு சபைகளும் ஒன்றாகுமாறு பேரரசர் கையொப்பமிட்டார். குடிகளும் துறவியரும் அதனை ஏற்கவில்லை. மேலே இருப்பவர் இட்ட கையொப்பம் கீழே இருப்பவரின் உள்ளத்தை மாற்றிவிடாது.

இறுதி முற்றுகையின்போது நகரைக் காக்க நின்றவர் சுமார் ஏழாயிரவர். பீரங்கி வார்ப்பதில் வல்ல உர்பன் என்பவன் முதலில் பேரரசரிடந்தான் வேலைக்கு வந்தான். கேட்ட ஊதியத்தைக் கொடுக்கக் கருவூலத்தில் பணமில்லை. அவன் சுல்தானிடம் சென்றான். அவன் வார்த்த பீரங்கிகள், ஆயிரம் ஆண்டு நின்ற மதில்களைத் தகர்த்தன. 1453 மே 29-ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் போரிலே மடிந்தார். அடுத்த ஆண்டிலேயே சுல்தான் இரண்டாம் மெஹ்மத், கென்னாடியஸ் என்னும் துறவியைக் கீழைச் சபையின் தலைவராக அமர்த்தினார். பேரரசர் பட்டம் ஒழிந்தது. சபைத் தலைவரின் பீடமோ இன்றளவும் அந்நகரில் இருந்து வருகின்றது.

ஹாகியா சோபியா 1453-இல் பள்ளிவாசல் ஆயிற்று. 1935-இல் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. 2020-இல் மீண்டும் பள்ளிவாசல் ஆயிற்று. கட்டிடத்தின் திறவுகோல் ஆள்பவரின் இடுப்பிலே தொங்குவது. ஆள்பவர் மாறினால் திறவுகோலும் கைமாறும்.

உடன்பிறந்தார் இருவர்

இனி, படையும் பொருளும் இல்லாத இருவரின் கதையைக் கேளுங்கள். தெசலோனிகா நகரில் பிறந்தவர்கள் சிரில், மெதோடியஸ் என்னும் உடன்பிறந்தார். இன்றைய செக், சுலோவாக்கிய நாடுகளின் பகுதியில் அன்று மொராவியா என்னும் அரசு இருந்தது. அங்கே சமயம் பரப்ப வந்த பிராங்கியக் குருமார்களோடு பிராங்கிய அரசின் கையும் நீண்டு வருவதை அதன் மன்னன் ராஸ்டிஸ்லாவ் கண்டான். எனவே, தம் மக்களின் மொழியிலேயே சமயத்தைப் போதிக்க வல்ல ஆசிரியரை அனுப்புமாறு கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூது விடுத்தான். 863-இல் உடன்பிறந்தார் இருவரும் புறப்பட்டனர்.

சுலாவிய மொழிக்கு அதுகாறும் தனக்கென எழுத்து இல்லை. சிரில் அம்மொழியின் ஒலிகளை ஆராய்ந்து, கிளகோலிக் எனப்படும் நெடுங்கணக்கை வகுத்தார். திருமறைப் பகுதிகளும் வழிபாட்டு நூல்களும் அதில் எழுதப்பட்டன. அப்போது எழுந்த எதிர்ப்புக் கொஞ்சமன்று. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளே ஆண்டவனை வழிபடத் தக்கவை எனக் குருமார் சிலர் வாதிட்டனர். மழையும் வெயிலும் எல்லா மக்களுக்கும் பொதுவாக இருத்தலைச் சுட்டிச் சிரில் விடையிறுத்தார் என்று அவருடைய பழைய வரலாறு கூறுகின்றது. போப் இரண்டாம் ஹேட்ரியன் அவர்களுடைய நூல்களை ஏற்றருளினார். 869-இல் சிரில் உரோமாபுரியிலேயே உயிர் நீத்தார்.

தமையனார் மெதோடியஸ் பணியைத் தொடர்ந்தார். பவேரிய ஆயர்கள் 870-இல் அவரைச் சிறையிலிட்டனர். போப் எட்டாம் யோவான் தலையிட்ட பின்னரே, 873-இல் அவர் விடுதலை பெற்றார். 885-இல் அவர் மறைந்ததும், சுலாவிய மொழி வழிபாட்டிற்குத் தடை வந்தது. மாணாக்கர்கள் நாடு கடத்தப்பட்டனர். சிலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். எழுத்தைத் துரத்திய மொராவிய அரசும் நெடுநாள் வாழவில்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகியர் படையெடுப்பால் அழிந்தது.

தப்பிய மாணாக்கர்கள் கிளெமென்ட், நாவும் முதலியோர் டான்யூப் ஆற்றின் வழியே பல்கேரியாவை அடைந்தனர். மன்னன் போரிஸ் அவர்களை வரவேற்றுப் பள்ளி நடத்த வசதி செய்து கொடுத்தான். கிளெமென்ட் ஓஹ்ரிட் பகுதியில் 3,500 மாணவர்களைப் பயிற்றினார் என்பது அவருடைய வரலாற்றில் காணும் செய்தி. அந்நாட்டில்தான் சிரிலின் பெயரால் வழங்கும் சிரிலிக் எழுத்து உருவாயிற்று. 988-இல் கீவ் நகரத்து மன்னன் விளாதிமிர் கிறிஸ்தவம் தழுவியபோது, இவ்வெழுத்தில் அமைந்த நூல்களே அங்கும் பயன்பட்டன.

பல்கேரிய அரசு ஒருமுறையன்று, இருமுறை வீழ்ந்தது. 1018-இல் பைசாந்தியர் அதனை வென்றனர். மீண்டும் எழுந்தது, 1396-இல் துருக்கியர் வென்றனர். பின்னர் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு அம்மக்களுக்கு அரசு இல்லை. சபையின் உயர் பதவிகள் கிரேக்கர் கையில் இருந்தன. நகரத்துச் செல்வர் கிரேக்கம் பேசுவதையே பெருமையாகக் கருதலாயினர். அந்நிலையில், 1762-இல், பைசியஸ் என்னும் துறவி தம் மக்களின் வரலாற்றை அவர்கள் மொழியில் எழுதி, தாய்மொழியைக் கண்டு நாணுவோரைக் கடிந்துகொண்டார். அந்நூலை அச்சேற்ற வசதியில்லை. மக்கள் கையாலேயே படியெடுத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். 1835-இல் காப்ரோவோ ஊரில் புதுமுறைப் பள்ளி தோன்றியது. 1870-இல் தனிச் சபை கிடைத்தது. 1878-இல் அரசு மீண்டது.

அன்பர்களே, இந்த வரிசையைச் சற்று நோக்குங்கள். கான்ஸ்டன்டைன் காலத்தில் அரசு முதலில். அது சபையைத் தாங்கிற்று. பல்கேரியாவிலோ எழுத்து முதலில்; பின்பு பள்ளி; பின்பு சபை; எல்லாவற்றிற்கும் பிறகே அரசு. அரசின் துணை வேண்டா என்பது நமது கருத்தன்று. போரிஸ் மன்னனின் ஆதரவு இல்லையேல் அந்த எழுத்து வேர்விட்டிராது. ஆனால் வேர்விட்ட பின்னர், மன்னன் போனாலும் அது பட்டுப்போகவில்லை. வீட்டிலும் மடத்திலும் பள்ளியிலும் அதனை ஓதுவோர் இருந்தனர். 2007-இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, சிரிலிக் அவ்வொன்றியத்தின் மூன்றாவது எழுத்து முறையாயிற்று. ஆண்டுதோறும் மே 24-ஆம் நாளை அம்மக்கள் எழுத்திற்கென்றே விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

நமக்கு இதில் என்ன?

இவ்வரலாற்றின் ஓர் இழை நம் மொழியையும் தொட்டுச் செல்கின்றது. 1578-இல் கொல்லத்தில், ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். போர்த்துகீசியர் பதினேழாம் நூற்றாண்டில் கொல்லத்தை டச்சுக்காரரிடம் இழந்தனர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவ்வூரை ஆண்ட டேனியர் 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். கொடிகள் இறங்கின; தமிழ் அச்சும் உரைநடையும் தங்கிவிட்டன.

இப்பொழுது நம் காலனிக்கு வருவோம். இங்கே நமக்கு அரியணையும் இல்லை, படையும் இல்லை. மாற்றல் உத்தரவு ஒன்று வந்தால் பெட்டி படுக்கையோடு புறப்படும் குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்கச் சொன்னால் தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் பாய்கள் மிகுதியாகவும் பிள்ளைகள் குறைவாகவும் இருப்பதை அனைவரும் அறிவீர்கள்.

சங்கத்திற்குச் சொந்தக் கட்டிடம் வேண்டும் என்று நிதி திரட்டும் எண்ணம் இவ்வாண்டு எழுந்துள்ளது. நல்ல எண்ணமே, நாமும் இயன்றதைத் தருவோம். ஆனால் நமது பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. அக்கட்டிடத்தின் முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பு, இக்காலனியில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளை ஒருவரும் இல்லை என்னும் நிலையை உண்டாக்குவோம். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஒரு குழந்தையோடு வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அலுவல் மாறி நாம் எங்குச் சென்றாலும், கட்டிடம் நம்மோடு வாராது. குழந்தை கற்ற எழுத்து வரும். அதற்குச் சரக்குக் கட்டணமும் இல்லை!

ஹாகியா சோபியாவைக் கட்டிய ஜஸ்டினியனிடம் ஒரு பேரரசின் பொன்னெல்லாம் இருந்தது. ஓஹ்ரிடில் பாடம் சொன்ன கிளெமென்டோ நாடு கடத்தப்பட்டு வந்தவர். முன்னவர் எழுப்பிய மாளிகை பலமுறை உரிமை மாறிற்று. பின்னவர் கற்பித்த எழுத்தை இன்றும் குழந்தைகள் எழுதுகின்றனர். நம் கையில் இருப்பது ஜஸ்டினியனின் பொன்னன்று. கிளெமென்டின் பலகை மட்டுமே. அதனை எடுத்துக்கொள்வோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. உங்கள் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். இயன்றால் நீங்களும் வாருங்கள்.